தோட்டத்து மண்ணும் வீட்டின் தூய்மையும்

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் லயன் காம்பராவை அடுத்த சிறு நிலத்தில் கோவா, லீக்ஸ், கரட் பயிரிடுவோர் பலர். சமையலும் உறக்கமும் ஒரு சிற்றிடத்திலேயே நிகழ்வதால், தோட்டத்து மண் உள்ளே புகாது காத்தல் இன்றியமையாதது.

மண்ணோடு நோயும் வரும். மலத்தால் அசுத்தமடைந்த ஈரமண்ணிலுள்ள கொக்கிப்புழுவின் குடம்பி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். இலங்கைத் தோட்டங்களில் இந்நோயை ஒழிக்க 1916ஆம் ஆண்டிலேயே ரொக்பெல்லர் மன்றத்தின் துணையுடன் இயக்கம் தொடங்கப்பட்டது. மருந்தினாற் குணமடைந்தவரும் அசுத்த மண்ணை வெறுங்காலால் மிதிப்பின் மீண்டும் நோயுறுவர். வட்டப்புழுவின் முட்டையோ, தரையிற் சிந்திய மண்ணிலிருந்து தவழும் குழந்தையின் கைவழியே வாயை அடையும்.

ஆகவே, காலணி அணிந்தே தோட்ட வேலை செய்தல் வேண்டும். வேலை முடிந்ததும் காலணியை இஸ்தோப்பிற்கு வெளியே கழற்றி, கைகால்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. மண்வெட்டியைச் சுரண்டித் துடைத்து வெளியிலேயே வைக்க. சாண எருவை வீட்டிற்குத் தொலைவில் குழியிட்டு மூடுக, ஈக்கள் குறையும்.

கிருமிநாசினி தெளித்தபோது அணிந்த உடையை ஏனைய உடைகளுடன் சேர்க்காது தனியே தோய்க்க. குடிநீர் எடுக்கும் பீலியில் அதனை அலசலாகாது. மருந்துப் போத்தலைக் கட்டிலின் கீழோ அடுப்படியிலோ வையாது, பிள்ளைகளுக்கு எட்டாத பெட்டியிற் பூட்டி வைக்க. வெற்றுப் போத்தலில் நீரோ எண்ணெயோ நிரப்புதல் கூடாது.

மாலையில் இஸ்தோப்பைக் கூட்டிய பின்னரே அடுப்பை மூட்டுக.