ஈம் கிராமச் சேகரம்: சரித்திரமும் இயல்பும்

ஆங்கிலத் திருச்சபையின் சரித்திரத்தைப் பேராயர்களின் சரித்திரமாகவும், அரசர் இயற்றிய சட்டங்களின் சரித்திரமாகவும் கற்பது நம்மிடையே வழக்கம். ஆயினும் அத்திருச்சபையின் அன்றாட வாழ்வு நடைபெற்ற இடம் 'பாரிஷ்' எனப்படும் சேகரமே. சேகரம் என்பது அங்கத்தினரின் பெயர்ப்பட்டியல் அன்று; எல்லை வகுக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பு. அவ்வெல்லைக்குள் வாழ்வோர் யாவரும், ஆலயத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும், அச்சேகரக் குருவின் பொறுப்புக்கு உட்பட்டோர். இவ்வேற்பாட்டின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காண்பதற்கு, டெர்பிஷயர் மலைப்பகுதியிலுள்ள ஈம் என்னும் சிறு சேகரம் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

சேகரத்தின் அமைப்பு

ஈம் கிராமத்தின் நடுவே பரிசுத்த லாரன்ஸ் ஆலயம் நிற்கிறது. அதன் வளாகத்திலுள்ள கற்சிலுவை, நார்மானியர் இங்கிலாந்தை வெல்வதற்கு முன்னரே செதுக்கப்பட்டது. ஜனங்கள் பயிர்த்தொழிலாலும், ஆடு வளர்ப்பாலும், ஈயச் சுரங்க வேலையாலும் பிழைத்தனர். நிலத்தின் விளைவில் மட்டுமன்றி, சுரங்கத்தில் எடுத்த ஈயத்திலும் குருவுக்குத் தசமபாகப் பங்கு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இச்சேகரத்துக்குக் குருவைத் தெரிந்து முன்நிறுத்தும் உரிமை, சாவில் என்னும் பிரபு குடும்பத்தாரிடம் இருந்தது; ஆயர் அவரை நிலைநிறுத்துவார். ஆகவே, சேகர ஜனங்கள் தங்கள் மேய்ப்பரைத் தாங்களே தெரிந்துகொள்ளவில்லை என்பதை நாம் மனதிற்கொள்ள வேண்டும்.

இரு போதகர்கள்

1644 முதல் ஈமில் ஊழியஞ்செய்தவர் தாமஸ் ஸ்டான்லி. அவர் தூய்மைவாதக் கொள்கையினர். 1660இல் மன்னராட்சி மீண்டபோது, முன்பு நீக்கப்பட்டிருந்த பழைய குரு தம் பதவிக்குத் திரும்பினார். 1662ஆம் ஆண்டின் சட்டம் பொது ஜெபப் புத்தகத்தை முழுமையாக ஏற்குமாறு போதகர் யாவரையும் கட்டாயப்படுத்தியது. மனச்சாட்சியினிமித்தம் மறுத்தவர்களுள் ஸ்டான்லியும் ஒருவராதலால், அவர் ஊழியத்தினின்று விலக்கப்பட்டார். 1664இல் புதிய குருவாக வந்தவர் வில்லியம் மாம்பசன்; முப்பது வயது நிரம்பாதவர்; ஸ்டான்லி மறுத்த ஜெபப் புத்தகத்தையே கைக்கொண்டவர். 1665ஆம் ஆண்டின் ஐந்து மைல் சட்டமோ, விலக்கப்பட்ட போதகர்கள் அரசு கேட்ட பிரமாணத்தைச் செய்தாலன்றித் தங்கள் பழைய சேகரத்தை அணுகலாகாது என்றது. எனினும் ஸ்டான்லி ஈமை விட்டு அகலவில்லை.

கொள்ளைநோய்

1665 செப்டம்பரில் ஈமில் கொள்ளைநோய் தோன்றியது. லண்டனிலிருந்து ஒரு தையற்காரரின் வீட்டுக்கு வந்த துணி மூலமாக அது நுழைந்ததென்பது மரபு. குளிர்காலத்தில் தணிந்த நோய், 1666 கோடையில் மிகவும் உக்கிரமடைந்தது. ஜூன் மாதத்தில் மாம்பசனும் ஸ்டான்லியும் ஒருமனப்பட்டு, ஜனங்களின் சம்மதத்தோடு மூன்று ஏற்பாடுகளைச் செய்தனர். மரித்தோரை அவரவர் குடும்பத்தார் தங்கள் நிலத்திலேயே அடக்கஞ்செய்தல். ஆலயத்தைப் பூட்டிவிட்டுக் கக்லெட் என்னும் பள்ளத்தாக்கில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று ஆராதித்தல். நோய் அயலூர்களுக்குப் பரவாதபடி எவரும் எல்லையைக் கடவாதிருத்தல். எல்லையில் வெளியூரார் வைத்த உணவுக்குரிய காசைத் தண்ணீரிலோ காடியிலோ இட்டுவைத்தனர். டெவன்ஷயர் பிரபுவும் உணவளித்து உதவினார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்னும் தாய், எட்டு நாட்களுக்குள் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கைகளாலேயே அடக்கஞ்செய்தாள். அதே மாதத்தில் மாம்பசனின் மனைவி கேதரினும் மரித்தார். நவம்பரில் மாம்பசன் எழுதிய கடிதம், 76 குடும்பங்களில் 259 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறது.

மதிப்பீடு

பிற்காலத்தார் இவ்வரலாற்றுக்கு அழகு சேர்த்துள்ளனர் என்று சரித்திர ஆராய்ச்சியாளர் சுட்டுகின்றனர். அதை நாம் ஏற்கவே வேண்டும். வசதியுள்ள சிலர் முன்னரே வெளியேறினர். மாம்பசன் தம் பிள்ளைகளையும் வெளியூருக்கு அனுப்பியிருந்தார். உள்ளேயே தங்கியதனால் மரணங்கள் பெருகினவோ என்ற கேள்வியும் எழுகிறது. ஆயினும் ஒன்று தெளிவு. இளங்குருவிடம் பதவி இருந்தது. ஆனால் அவர் ஊருக்குப் புதியவர். விலக்கப்பட்டவரிடம் பதவி இல்லை. ஆனால் பல்லாண்டுப் பழக்கத்தால் ஜனங்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தார். சட்டம் பிரித்த இவ்விருவரையும் சேகரத்தின் துயரம் இணைத்தது. பின்னர் ஸ்டான்லியை ஊரைவிட்டு அகற்றுமாறு சிலர் முறையிட்டபோது, டெவன்ஷயர் பிரபு அதற்கு இணங்காமல், அவருக்கு நாடே நன்றி செலுத்தக் கடமைப்பட்டுள்ளதென்று கூறியதாக வரலாறு உண்டு. ஸ்டான்லி 1670இல் ஈமிலேயே மரித்தார்.

இதற்கு மாறான காட்சியையும் இதே சேகரம் காட்டுகிறது. 1740 முதல் 1790 வரை ஈமின் குருவாயிருந்தவர் தாமஸ் சீவார்டு. அக்காலத்தில் ஈய வருமானம் பெருகியிருந்தது. அவரோ அவ்வாண்டுகளில் பெரும்பகுதியைத் தொலைவிலுள்ள லிச்ஃபீல்டு நகரிலே கழித்தார்; ஊழியத்தை உதவிக்குருமார் நடத்தினர். எல்லை அதுவே, ஆலயமும் தசமபாகமும் அவையே, மேய்ப்பர் மட்டும் மந்தையினருகே இல்லை. இது அக்காலத்தில் இங்கிலாந்தெங்கும் பரவியிருந்த ஒரு குறை.

ஆகவே சேகர அமைப்பு தன்னில்தானே ஜீவனுள்ளதன்று. அது ஒரு பாத்திரம். அதை நிரப்புவது உடனிருக்கும் ஊழியமே. இன்றும் ஆகஸ்டு மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் ஈம் ஜனங்கள் அந்நாட்களை நினைவுகூர்ந்து ஆராதிக்கின்றனர். அவர்கள் நினைவில் நிலைத்திருப்பது குருவின் வருமானமன்று. தங்கள் முன்னோரோடு எல்லைக்குள் தங்கியிருந்த இரு போதகர்களே. சேகரங்களின் வரவுசெலவையும் எல்லைகளையும் குறித்து நாம் கூடி ஆலோசிக்கும்போதெல்லாம் இதைச் சிந்திப்பது நலம்.