உழைப்பின் நகரம் – 12: தை வரைக்கும் தாங்கணும்

போன வாரம் மும்பை தாராவியின் குயவர் பகுதியான கும்பார்வாடா சூளைகளோடு நின்றிருந்தோம். தாராவிக்குள் இன்னும் கொஞ்சம் நடந்தால் தோல், தையல், பழைய பிளாஸ்டிக் கார்கானாக்கள் என்கிற பட்டறைகள். டிசம்பரில் அங்கே உழைப்பவர்களின் மனசு எப்படி இருக்கிறது என்பதுதான் இந்த வாரச் சங்கதி.

குளிர்கால மனச்சோர்வு என்றதும் மேல்நாட்டுக்காரர்கள் வெளிச்சக் குறைவைத்தான் முதலில் சொல்வார்கள். 1984-இல் அமெரிக்காவில் நார்மன் ரோசன்தால் குழுவினர் அதைத் தனி நோயாகவே விவரித்தார்கள். மும்பையிலோ மிகக் குட்டையான பகலே ஏறக்குறைய 11 மணி நேரம். அதுவும் ட்யூப்லைட் அடியில் தையல் மெஷினோடு இருப்பவனுக்கு ஜூனும் டிசம்பரும் ஒன்றுதான். வெயிலில் கொஞ்ச நேரம் நடங்கள் என்று அவனிடம் சொன்னால் சிரிப்பான்.

இங்கே குளிர்காலம் மூச்சு வழியாக வருகிறது. மழை மாதங்களில் கடல்காற்று ஊரைக் கழுவிவிடும். நவம்பருக்குப் பின் காற்று தளர்ந்துபோகும்; புகையும் கட்டுமானத் தூசியும் மேலே போக வழியில்லாமல் தரையோடு தங்கும். 2022-23 குளிரில் சில நாள் டெல்லியையே மும்பை மிஞ்சியது. செம்பூர், மாஹுல் பக்கம் எண்ணெய் ஆலைகள் வேறு. தாராவியில் வெளியூர் இளைஞர்கள் பலர் வேலை செய்யும் அறையிலேயே படுப்பவர்கள். குளிருக்குக் கதவைச் சாத்தினால் பசை வாடை உள்ளேயே நிற்கும். ராத்திரி இருமல், காலையில் சிடுசிடுப்பு, மதியத்துக்குள் பீஸ் எண்ணிக்கை குறையும், சனிக்கிழமை கூலியும் குறையும். மனநோய் என்று யாரும் இதைச் சொல்வதில்லை. "தூக்கமே வரல அண்ணே" என்பதோடு சரி.

அடுத்தது காசு. தீபாவளி ஆர்டர் முடிந்ததும் பல கார்கானாக்களில் வேலை மெலிந்துவிடும். அதே சமயம் பொங்கலுக்கு ஊர் கூப்பிடும். தாராவித் தமிழர்களில் கணிசமானோர் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் பிடிக்க நவம்பர் நடுவிலேயே முந்த வேண்டும். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளைக்கு முன்தான் திறக்கிறது. டிக்கெட் கிடைக்காதவனுக்கும், கிடைத்தும் கையில் காசில்லாதவனுக்கும் மார்கழி நீளம். பேக்கரிக்காரர்களுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்தது: 2025 ஜனவரி 9 அன்று, விறகு, கரி அடுப்புகளை ஆறு மாதத்துக்குள் மாற்றச் சொன்னது பம்பாய் உயர் நீதிமன்றம். காற்றுக்கு நல்ல உத்தரவுதான். அடுப்படியில் நிற்பவனுக்கு, வேலை இருக்குமா என்ற கேள்வி.

யாரிடம் போய்ச் சொல்வது? பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்யும் தொழிற்கூடத்துக்குத்தான் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு கட்டாயம்; தாராவியின் சின்னக் கார்கானாக்கள் பல அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. பக்கத்திலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவும் உண்டு. ஆனால் வரிசையில் நின்றால் பாதி நாள் கூலி போச்சு. மனநலக் கோளாறு உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் 2015-16 தேசிய ஆய்வு. ஏன் எட்டாது என்பதற்கு இந்த அரை நாளே போதுமான விளக்கம் என்பது என் எண்ணம்.

ஃபோனில் பேசலாம். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய அரசின் மனநல உதவி சேவை டெலி-மனஸ், எண் 14416, இலவசம். செம்பூருக்கு அடுத்த தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2012 முதல் ஐகால் சேவையை நடத்துகிறது. இருந்தாலும் எட்டுப் பேர் படுக்கும் அறையில் எங்கே போய் மனசு திறந்து பேசுவது?

கோவாவில் சங்கத் அமைப்பு வேறு வழி பார்த்தது. டாக்டர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்கள் அரசு நிலையங்களில் கூடுதலாகக் குணமானதை 2010-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. தாராவியிலும் சந்துக்குச் சந்து அப்படி ஒரு அக்காவோ அண்ணனோ வேண்டும். ராத்திரி ஷட்டர் இறங்கின பிறகு டீக்கடையில் பேசக் கிடைக்கிற ஆள்.

கார்கானா முதலாளிகள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், படுக்கத் தனி இடம், பொங்கலுக்கு வட்டியில்லாத அட்வான்ஸ், ஆஸ்பத்திரி போன அரை நாளுக்குக் கூலி. தங்களுக்கு மார்ஜினே இல்லை என்பார்கள். பெரிய பிராண்டுகளுக்குச் சரக்குத் தைப்பவர்கள் சொல்லும்போது அதில் நியாயமும் இருக்கிறது. அந்த பிராண்டுகளின் கணக்கை அடுத்த வாரம் புரட்டுவோம்.

(தொடரும்)