வலயத்துக்குப் போகும் தரவுகள் பாடசாலைக்குத் திரும்பி வருகின்றனவா?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியானால், அடுத்த நாளே ஓர் அட்டவணை வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றத் தொடங்கும். வலயத்தில் எந்தப் பாடசாலை முதலிடம், எது கடைசி, சித்தி வீதம் எத்தனை? ஓர் அதிபருக்குப் பொன்னாடை கிடைக்கும். இன்னோர் அதிபரைப் பள்ளிவாசல் முற்றத்தில் வைத்து ஊர் விசாரிக்கும். ஆனால் அந்த வீதம் எப்படிக் கணிக்கப்பட்டது என்று கேட்போர் குறைவு.

உதாரணமாக, 14 பிள்ளைகள் தோற்றும் சிறிய பாடசாலை ஒன்றை எடுங்கள். கடந்த வருடம் 10 பேர் சித்தி, அதாவது 71 வீதம். இவ்வருடம் 8 பேர், 57 வீதம். பெரும் வீழ்ச்சி போலத் தெரிந்தாலும் வித்தியாசம் இரண்டே இரண்டு பிள்ளைகள். 200 பேர் தோற்றும் கல்லூரியில் இருவர் குறைந்தால் ஒரு வீதம்தான் மாறும். சிறிய பாடசாலைகளை மூன்று வருடங்களைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், எத்தனை பேரால் வகுக்கிறோம் என்பது. தரம் 6இல் 40 பேர் சேர்ந்து, 28 பேர் பரீட்சை எழுதி, 21 பேர் சித்தியடைந்தால் பதாகையில் 75 வீதம் என்று போடலாம். மீதி 12 பேர் எங்கே? விலகல் பத்திரம் பெற்று வேறு பாடசாலைக்குப் போனவர்களைக் கழிப்பது நியாயம். கடைக்கும் கடலுக்கும் போன பையனையும் கழித்தால் அவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். சித்தி வீதத்தை மட்டும் வைத்து அதிபரை அளந்தால், மெல்லக் கற்கும் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பாமல் விடுவதே இலாபம் என்றாகிவிடும்.

வரவும் அப்படித்தான். மாத முடிவில் இடாப்பைக் கூட்டிச் சராசரி காண்பதை ஆசிரியர் கலாசாலையில் நன்றாகவே பழக்கினார்கள். அந்தச் சராசரி எதை மறைக்கிறது என்பதை வகுப்பறைதான் காட்டியது. 40 பேர், 20 நாட்கள், 92 வீத வரவு என்றால் மொத்தம் 64 வரவின்மைகள். அதில் 45ஐ மூன்று பிள்ளைகள் மட்டும் தலைக்கு 15 நாட்களாக எடுத்திருக்கலாம். வலயத்துக்கு 92 என்ற இலக்கம் போகும், அந்த மூவரின் பெயர் போகாது. வருடத்தில் பத்திலொரு பங்கு நாட்களைத் தவறவிடும் பிள்ளைகளின் பட்டியலைத் தனியாக எடுத்தால், யாருடைய வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு இன்னொரு விடயம் உண்டு. நோன்பு விடுமுறையால் எமது தவணைகள் மற்றப் பாடசாலைகளின் தவணைகளோடு ஒத்துப்போவதில்லை. நோன்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே வருவதால், எமது பாடசாலையின் இவ்வருட மார்ச்சைக்கூடக் கடந்த வருட மார்ச்சோடு ஒப்பிட முடியாது. நடந்த பாடசாலை நாட்களை வைத்தே கணிக்க வேண்டும். இரு வகைப் பாடசாலைகளும் உள்ள வலயங்களில் இது அவசியம்.

ஆகவே வலய மட்டத்தில் தரவுக்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும் என்கிறேன். படிவம் சேகரிப்பவரை அல்ல, படிவங்களைக் குறைப்பவரைச் சொல்கிறேன். ஒரே மாணவர் தொகையை மூன்று கிளைகளுக்கு மூன்று விதமாக எழுதிக் கொடுப்பதிலேயே ஆசிரியரின் இலவச பாடவேளை போய்விடுகிறது. 'இடைவிலகியவர்' என்றால் யார் என்பதற்கு எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே வரைவிலக்கணத்தை அவர் கொடுக்க வேண்டும். பொதுவான தவணைப் பரீட்சை நடந்தால் புள்ளிகளை வினா வாரியாகப் பிரித்து, இரு வாரங்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். தரம் 9 கணிதத்தில் பின்னக் கணக்கில் வலயமே தடுமாறியிருந்தால் அது ஆசிரிய ஆலோசகரின் வேலை. ஒரு பாடசாலை மட்டும் தடுமாறியிருந்தால் அங்கே ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்!

பெயரோடு புள்ளிகளைக் குழுமத்தில் போடும் வழக்கத்தையும் அவர்தான் நிறுத்த வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒருபுறம். டபிள்யூ எடுத்த பிள்ளையின் வாப்பாவும் உம்மாவும் அதே குழுமத்தில் இருக்கிறார்கள்.

பெற்றார் இதற்கு எக்ஸல் படிக்கத் தேவையில்லை. அடுத்த பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் அதிபரிடம் இரண்டு இலக்கங்களைக் கேளுங்கள்: ஐந்து வருடங்களுக்கு முன் தரம் 6இல் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் இன்று தரம் 11இல் எத்தனை பேர் இருக்கிறார்கள்?