எழுதியது எவ்வளவு, தோன்றியது எவ்வளவு

ஜாஸ் கேட்க உட்காருகிற பலருக்கும் வரும் சந்தேகம்: இதில் எழுதி வைத்தது எது, அந்த நேரத்தில் தோன்றியது எது? ஒரே ஒரு ஆல்பத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். போலந்தின் ட்ரம்பெட் கலைஞர் தோமாஷ் ஸ்டான்கோவின் நால்வர் குழு, 2001 ஆகஸ்டில் ஆஸ்லோவின் ரெயின்போ ஸ்டுடியோவில் பதிவுசெய்த 'சோல் ஆஃப் திங்ஸ்'. மியூனிக்கின் இசிஎம் நிறுவனம் அதை அடுத்த ஆண்டு வெளியிட்டது. மொத்தம் 13 உருப்படிகள். எதற்கும் தனிப்பெயர் கிடையாது, வரிசை எண் மட்டும்தான்.

ஜாஸில் எழுதியது என்றால் பெரும்பாலும் ஒரு மெட்டும், அதன் அடியில் ஓடும் கார்டு (chord) வரிசையும். மெட்டைச் சேர்ந்து வாசித்துவிட்டு, அதே கார்டு வரிசை சுற்றிச் சுற்றி வர, ஒவ்வொருவராகத் தங்கள் மனோதர்மத்தைக் காட்டுவார்கள். கடைசியில் மெட்டு திரும்பி வரும். கர்நாடக இசையின் நிரவலில் ஒரு சாகித்திய வரி நிலையாக நிற்கிறதே, ஏறக்குறைய அப்படி. ஆனால் நிரவலின் வரி காதில் விழுந்துகொண்டே இருக்கும். கார்டு வரிசையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். டபுள் பேஸைப் பிடித்துக்கொண்டால் அது அகப்படும்.

ஸ்டான்கோ எழுதியதோ கொஞ்சம். மெதுவான, சின்ன மெட்டு; அதையும் பாதியில் விட்டதுபோல வாசிப்பார். சுரத்தில் நேராக இறங்காமல், கரகரப்போடு வழுக்கி வந்து சேருவார். எனவே மெட்டு எங்கே முடிந்து சோலோ எங்கே தொடங்கியது என்று கோடு போட முடிவதில்லை. தொண்ணூறுகளில் சொந்தப் பற்களை இழந்து, நீண்ட ஒற்றைச் சுரங்களை ஓயாமல் ஊதி ஊதி உதட்டுப் பிடியைப் புதிதாகப் பழகியவர் அவர். (1980இல் தாஜ்மகாலிலும் கார்லா குகைகளிலும் தனியாக வாசித்துப் பதிவுசெய்தவரும்கூட. அங்கே பதில் சொல்லச் சுவர்கள்தான்.)

இங்கே பதில் சொல்கிறவர்கள் மூன்று இளைஞர்கள்: பியானோவில் மார்சின் வாசிலெவ்ஸ்கி, பேஸில் ஸ்லாவோமிர் குர்கியேவிச், டிரம்ஸில் மிகாவ் மிஷ்கியேவிச். ஸ்டான்கோவுக்கு அப்போது 59 வயது. இவர்கள் இருபதுகளின் நடுவில். பள்ளி வயதிலேயே மூவராகச் சேர்ந்தவர்கள், தொண்ணூறுகளின் நடுவிலிருந்தே அவரோடு வாசித்தவர்கள். தாளில் அவ்வளவு குறைவாக எழுதிக் காலம் தள்ள முடிந்ததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம் என்பேன். டிரம்ஸைக் கவனியுங்கள்: தாளத்தை அடித்துக் காட்டாமல் சிம்பலில் ஓசையைப் பரப்பிவிட்டு, ட்ரம்பெட் மூச்சு விடும் இடத்தில் மட்டும் ஒரு தட்டு. அதை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

குறை இல்லாமல் இல்லை. ஒன்றேகால் மணி நேரமும் ஏறக்குறைய ஒரே மனநிலை. நடுவில் கொஞ்சம் தொய்கிறது. மூன்று மூன்றாகக் கேட்டால் போதும். பிடித்திருந்தால், அதே நால்வரின் 2006 ஆல்பமான 'லொன்டானோ'வுக்குப் போங்கள். அதன் தலைப்பு உருப்படி மூன்று பகுதிகளாக வரும். இசையமைத்தவர் என்ற இடத்தில் நால்வர் பெயரும் இருக்கும்.