மஞ்சள் பால் குடித்தால் மூட்டுவலி போகுமா? மாத்திரையை நிறுத்தும் முன் இதைப் படிங்க

கடலூர் முதுநகரில் அம்மா, சென்னையில் ஐ.டி. வேலையில் மகள். ராத்திரி போன் பேச்சில் முதல் கேள்வியே, "முழங்கால் எப்படிம்மா இருக்கு?" என்பதுதான். "மாத்திரைய நிறுத்திட்டேன்டி. மஞ்சப் பால் குடிக்கிறேன், வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்று பதில் வருகிறது. பல வீடுகளில் இப்போது நடக்கும் பேச்சு இது.

அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய் இல்லை. சிக்கலே அங்கேதான்.

மஞ்சளுக்கு அந்த நிறத்தைத் தருவது குர்குமின். உடலில் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் காக்ஸ்-2 என்ற என்சைமை அது அடக்குவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. கடலூருக்குப் பக்கத்திலேயே, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையைச் சேர்ந்த வேணுகோபால் மேனனும் சுதீரும் குர்குமினின் வீக்கம் தணிக்கும் தன்மை பற்றி 2007-ல் விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

சரி, மனிதர்களுக்கு வேலை செய்யுமா? தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் இபுப்ரோஃபன், இன்னொரு பிரிவுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு கேப்சூல். நான்கு வாரத்தில் வலி குறைந்ததில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வயிற்றுத் தொந்தரவு மஞ்சள் பிரிவில் குறைவு. முடிவுகள் 2014-ல் வெளியாகின.

ஆனால் அது கேப்சூல், பால் இல்லை. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 1,500 மில்லிகிராம் குர்குமின் வேண்டுமென்றால் தினம் 50 கிராம் தூள், அதாவது பதினைந்து டீஸ்பூனுக்கு மேல் சாப்பிட வேண்டும். யாராலும் முடியாது! போதாததற்கு, குர்குமின் உடம்பில் லேசில் சேராது. மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுவதாகப் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-லேயே காட்டினார்கள். பாலில் மிளகு தட்டிப் போடும் பாட்டி வழக்கம் சும்மா இல்லை.

அப்போ கேப்சூலே வாங்கிடலாமா? கொஞ்சம் பொறுங்க. மஞ்சள் சப்ளிமென்ட்டால் கல்லீரல் பாதித்த 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022-ல் பதிவு செய்தார்கள். அதில் ஒருவர் இறந்துவிட்டார். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர்களும், பித்தப்பைக் கல் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

இன்னொன்று, 'மூட்டுவலி' என்பது ஒரே நோய் இல்லை. வயதில் வரும் தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிறது. சிகிச்சை நின்றால், வலி அடங்கியது போலத் தெரிந்தாலும் உள்ளே எலும்பு அரிக்கப்படலாம். அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது.

அதனால் மகள் அடுத்துக் கேட்க வேண்டியது, "நிறுத்தினது எந்த மாத்திரைம்மா?" தேய்மானத்துக்கு எப்போதாவது போடும் வலி மாத்திரை என்றால் அவசரமில்லை, அடுத்த செக்-அப்பில் சொன்னால் போதும். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போடச் சொன்ன மெத்தோட்ரெக்சேட் என்றால், நாளைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். மஞ்சள் பால் பாட்டுக்கு ராத்திரி தொடரட்டும்.