திருவிதாங்கூரின் அம்மை குத்தலும் உடலின் நோய் நினைவும்: தோவாளைப் பகுதியை முன்வைத்து

தோவாளை 1956 நவம்பர் 1இல்தான் தமிழகத்துடன் இணைந்தது. ஆகவே இப்பகுதியின் பெரியம்மைத் தடுப்பு வரலாற்றைத் திருவிதாங்கூரில் இராணி கௌரி லட்சுமிபாய் 1813இல் அமைத்த அம்மை குத்தும் துறையிலிருந்தே தொடங்க வேண்டும். அரச குடும்பத்தார் முதலில் குத்திக்கொண்டனர். அம்மையை அம்மனின் வருகையாகக் கருதிய மக்களின் தயக்கத்தை ஆணையால் மட்டும் நீக்கியிருக்க இயலாது.

குத்தப்பட்டது பெரியம்மை அன்று. அதற்கு உறவான பசுவம்மை. கீறிய தோலில் புகுந்த தீநுண்மியை அங்குக் காவலிருக்கும் அணுக்கள் விழுங்கி, அதன் புரதக்கூறுகளை நிணநீர்க் கணுக்களிலுள்ள வெள்ளையணுக்களுக்குக் காட்டுகின்றன. அக்கூறுகளுக்குப் பொருந்தும் வெள்ளையணுக்கள் மட்டும் பல்கிப் பெருகுகின்றன. சில எதிர்ப்புரதம் சுரக்க, வேறு சில தொற்றுக்குள்ளான உயிரணுக்களை அழிக்கின்றன. தொற்று அடங்கியபின் பெரும்பாலானவை மடிய, எஞ்சியவை நினைவணுக்களாக நிலைக்கின்றன. இரு தீநுண்மிகளின் புரதங்களும் பெரிதும் ஒத்தவை; எனவே பின்னாளில் பெரியம்மை புகுந்தால் அந்நினைவணுக்கள் விரைந்து எழுகின்றன.

பெரியம்மை வெளிப்பட ஏறத்தாழ 12 நாள்கள் ஆகும். இவ்விடைவெளியே, நோயாளியுடன் பழகியவருக்கும் முதற்சில நாள்களுக்குள் குத்தினால் காப்புக் கிடைத்ததன் காரணம்.

குத்தி 50 ஆண்டுகள் கடந்தோரின் குருதியிலும் இந்நினைவணுக்கள் கண்டறியப்பட்டுள்ளன. முதியோர் புயத்தில் காணப்படும் தழும்பு, குத்திய புண் ஆறியதன் அடையாளம் மட்டுமே.