வைரஸின் கொழுப்புச் சட்டையைக் கிழிக்கும் பூச்சு!

2021 ஜூன். முதுமலை தெப்பக்காடு முகாமின் 28 யானைகளுக்கும் கொரோனா பரிசோதனை நடந்தது. துதிக்கையிலும் ஆசனவாயிலும் மாதிரி எடுத்து, உத்தரப்பிரதேசத்தின் இஸ்ஸத்நகரில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள்.

காரணம், வண்டலூர் பூங்காவில் கொரோனா தொற்றிய பெண் சிங்கம் ஒன்று அதே மாதத் தொடக்கத்தில் இறந்திருந்தது. தெப்பக்காட்டிலோ பாகனும் காவடியும் தினமும் யானையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கேழ்வரகும் கொள்ளும் சேர்ந்த கவளத்தைக் கையாலேயே ஊட்டுகிறார்கள். நல்லவேளையாக, எந்த யானைக்கும் தொற்று இல்லை.

சரி, கையிலும் வாளியிலும் ஒட்டும் வைரஸை எப்படி ஒழிப்பது?

கொரோனா, இன்ஃப்ளூயன்சா, யானைக்குட்டிகளைக் கொல்லும் ஹெர்பிஸ் ஆகிய வைரஸ்களுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றுமே கொழுப்பாலான மெல்லிய சட்டை போட்டவை. அதைக் கிழித்துவிட்டால் வைரஸ் செயலிழந்துவிடும்.

சோப்பு அந்தச் சட்டையைக் கரைக்கிறது. பாலிமர் பூச்சு வேறு வழியில் தாக்குகிறது. இந்த வைரஸ்களின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டது. நேர்மின்னூட்டம் கொண்ட பாலிமர், காந்தம்போல அதை இழுத்துக்கொள்ளும். பாலிமரில் உள்ள எண்ணெய்த்தன்மையுள்ள இழைகள் சட்டைக்குள் குத்திக் கிழிக்கும்.

2006-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இத்தகைய பாலிமரைக் கண்ணாடியில் பூசி, இன்ஃப்ளூயன்சா வைரஸ் சில நிமிடங்களில் செயலிழப்பதைக் காட்டினர். அந்தக் குழுவில் இருந்த ஜயந்த ஹல்தார், பின்னர் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்துக்கு வந்தார். அங்கே அவரது குழு, நேர்மின்னூட்ட மூலக்கூறுகளைப் புற ஊதா ஒளியால் பஞ்சுத் துணியிலும் பிளாஸ்டிக்கிலும் பிணைக்கும் பூச்சை உருவாக்கியது. 2020-ல் வெளியான ஆய்வின்படி, 30 நிமிடங்களில் இன்ஃப்ளூயன்சா வைரஸ் முழுமையாகச் செயலிழந்தது. சானிடைசர் ஆவியாகிவிடும், பூச்சு அங்கேயே தங்கிக் காவல் காக்கும்.

ஆனால், எல்லா வைரஸும் சட்டை போட்டதல்ல. மாடுகளை வாட்டும் கோமாரி யானைக்கும் வரும்; அந்த வைரஸுக்குச் சட்டையே கிடையாது. கிழிக்கச் சட்டை இல்லாத இடத்தில் இந்தத் தந்திரம் எளிதில் பலிக்காது. அதனால்தான் கோமாரி வந்த கொட்டகையை 4 சதவிகித சலவை சோடா கரைசலால் கழுவுகிறார்கள்.

ஆக, கிருமிநாசினி வாங்கும்முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: எதிரி சட்டை போட்டவனா, போடாதவனா?